இப்போது நீங்கள்தான் சவுதி அரேபியா!



193 நாடுகள் உறுப்பினராக இருக்கும் ஐ.நா. சபையைப் பற்றிப் படித்திருப்பீர்கள். அதே போல மாணவர்களே கூடி நடத்தும், 'மாதிரி ஐ.நா. சபை' பற்றித் தெரியுமா? நெதர்லாந்தின் ஹேக் நகரில், பள்ளி மாணவர்களுக்காக 1968ல் இப்படி ஒரு சபை துவங்கியது. இன்று இந்தியா உட்பட பல நாடுகளில் நடக்கிறது.

இதில் ஒரு வேடிக்கை. உங்களுக்கு ஒரு நாடு ஒதுக்கப்படும். அந்த நாட்டுக்காகத்தான் பேச வேண்டும். சொந்தக் கருத்தைச் சொல்லக் கூடாது!

'பெட்ரோல் பயன்பாட்டைக் குறைக்கலாமா?' என்பது தலைப்பு என வைத்துக் கொள்வோம். உங்கள் தோழி, மாலத்தீவு. அங்கே நிலத்தின் பெரும்பகுதி, கடல் மட்டத்திலிருந்து 1 மீட்டர் உயரம்கூட இல்லை. கடல் பொங்கினால் ஊரே போய்விடும். நீங்களோ, சவுதி அரேபியா. எண்ணெய் விற்ற பணம்தான் அந்த நாட்டின் முக்கிய வருமானம். மரக்கன்று நட்டு வளர்க்கும் நீங்கள், எண்ணெய்க்காகப் பேசுவதா?

பேசத்தான் வேண்டும்! அதற்காக நூலகம் போவீர்கள். அந்த நாட்டைப் பற்றிப் படிப்பீர்கள். 'திடீரென நிறுத்தினால், இந்த வேலையை நம்பியிருப்பவர்கள் என்ன செய்வர்?' என்ற கேள்வி அப்போதுதான் தோன்றும்.

சபையில் பெயர் அட்டையைத் தூக்க வேண்டும். தலைவர் அழைத்தால் பேசலாம். நேரம் முடிந்தால் உட்கார வேண்டும். இடைவேளையில் கூடிப் பேசி, தீர்மானம் எழுதி, மற்ற நாடுகளின் ஆதரவைத் திரட்ட வேண்டும். பிறகு ஓட்டெடுப்பு. பொதுச்சபையில், குட்டி மாலத்தீவுக்கும் ஒரு ஓட்டு. பெரிய சீனாவுக்கும் ஒரு ஓட்டுதான். 15 நாடுகள் கொண்ட பாதுகாப்பு சபையில் கதையே வேறு. அமெரிக்கா, ரஷ்யா, சீனா, பிரிட்டன், பிரான்ஸ்... இந்த ஐந்தில் ஒன்று எதிர்த்து ஓட்டுப் போட்டாலும் தீர்மானம் தோற்றுவிடும்.

கத்திப் பேசுபவர் இங்கே ஜெயிப்பதில்லை. 'கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்போம். மாற்றுத் தொழிலுக்கு அவகாசம் கொடுப்போம்' என, இரு பக்கமும் ஏற்கும் வழியைக் கண்டுபிடிப்பவரே கெட்டிக்காரர்.

அடுத்தவர் பக்கத்தைப் புரிந்து கொள்வதால், உங்கள் கருத்தை விட்டுவிட வேண்டும் என்பதில்லை. அவர் ஏன் அப்படிச் சொல்கிறார் என்பது தெரிந்தால்தான், அவரோடு பேசவே முடியும்.

உங்கள் வகுப்பிலும் முயன்று பாருங்களேன். விளையாட்டு மைதானம் யாருக்கு என்று சண்டையா? கிரிக்கெட் ஆடுபவர், கோ-கோ ஆடுபவர்களுக்காகப் பேசட்டும். கோ-கோ ஆடுபவர், கிரிக்கெட்டுக்காகப் பேசட்டும். பாதிச் சண்டை அங்கேயே தீர்ந்துவிடும்!

சரிதானே குட்டீஸ்?