கோப்பை ஊருக்கு, கணக்கு யாருக்கு?

“ஏனுங்க தோழர், நம்ம டீம் என்னுங்க ஆச்சு?”

கணபதியில், டெக்ஸ்டூல் பாலத்துப் பக்கம் ஒரு டீக்கடை. ஃபவுண்டரியில் மோல்டிங் வேலை செய்யும் தோழர் ஒருவர் சென்ற வாரம் என்னிடம் கேட்ட கேள்வி இது. அவர் கேட்டது சென்னை சிட்டி கால்பந்துக் கிளப்பைப் பற்றி. பெயரில் சென்னை இருந்தாலும், 2017-18 பருவத்தில் அது நமது கோவை நேரு ஸ்டேடியத்தில் ஆடிக்கொண்டிருந்தது. ஷிப்டு முடிந்து, கையில் ஒட்டிய கரிமண்ணைக்கூடச் சரியாகக் கழுவாமல், காந்திபுரம் வழியாக அங்கே போய்த் தொண்டை வற்றக் கூச்சல் போட்ட கூட்டத்தில் அவரும் ஒருவர், நானும் ஒருவன். ஆகவே “நம்ம டீம்” என்று அவர் சொன்னது நியாயம்தான். ஆனால் அந்த “நம்ம” என்ற சொல்லுக்குக் காகிதத்தில் எங்கேயாவது ஆதாரம் உண்டா? அதுதான் பிரச்னை.

2019 மார்ச் 9-ம் தேதியைக் கோவை ரசிகன் மறக்கமாட்டான். ஐ-லீக்கின் கடைசி நாள். நமக்கும் கல்கத்தா ஈஸ்ட் பெங்காலுக்கும் இடையே ஒரே ஒரு பாயிண்டு வித்தியாசம். அவர்கள் கோழிக்கோட்டில் கோகுலத்துடன் ஆடுகிறார்கள். நாம் இங்கே மினர்வா பஞ்சாபுடன். இடைவேளையில் நாம் ஒரு கோல் பின்தங்கி நிற்கிறோம். இரண்டாம் பாதியில் பெட்ரோ மான்சி பெனால்டியில் சமன் செய்தார். பிறகு தற்காப்பு ஆட்டக்காரர் கௌரவ் போரா ஒன்று, ஆட்டம் முடியும் தறுவாயில் இன்னொன்று. 3-1. அங்கே ஈஸ்ட் பெங்காலும் ஜெயித்தது. ஆனாலும் 43 பாயிண்டுக்கு 42. தமிழ்நாட்டுக்கு முதன்முதலாக ஐ-லீக் பட்டம் வந்தது நம் ஊர் மைதானத்தில்.

அப்படி ஜெயித்த டீம் எங்கே? 2019-20 பருவம் கொரோனா ஊரடங்கால் 2020 மார்ச்சில் பாதியில் நின்றது. அதே மார்ச்சில் ஏ.எஃப்.சி. கோப்பைப் போட்டி ஒன்றில் மாலத்தீவின் மாசியாவுடன் நம் டீம் 2-2 என்று சமன் செய்தது. அந்தச் “சொந்த ஊர்” ஆட்டம் நடந்தது அகமதாபாத்தில்! அடுத்த பருவம் முழுவதையும் கல்கத்தா வட்டாரத்தில் நடத்தினார்கள். 2021-22-ல் ஐ-லீக்கில் ஆடியவை 13 கிளப்புகள். அதில் நம் கிளப் இல்லை. பட்டம் வென்று மூன்று வருஷம்கூட முழுசாக ஆகவில்லை. பஞ்சாலைகள் மூடுவதைப் பார்த்துப் பழகிய ஊர் இது. ஆலையை மூடும்போது கேட்டில் ஒரு நோட்டீசாவது ஒட்டுவார்கள். ரசிகனுக்கு நோட்டீசு ஒட்ட ஒரு கேட்டும் கிடையாது.

வீரர் பட்டியலைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் மேலே போக முடியாது. ஏனென்றால் அந்தப் பட்டியல்தான் அந்தக் கிளப்பின் பெருமை.

2014-ல் ஐ.எஸ்.எல். என்ற பணக்காரக் கடை திறந்தபோது என்ன செய்தார்கள்? டெல் பியரோ, அனெல்கா, மாடெராஸி என்று ஐரோப்பாவில் ஆடி ஓய்ந்த பெரிய பெயர்களைக் கோடி கொடுத்து வரவழைத்தார்கள். சென்னை சிட்டியோ ஸ்பெயினின் கீழ்த்தட்டு லீகுகளில் ஆடிக்கொண்டிருந்த, யாரும் பெயர் கேள்விப்படாத ஆட்டக்காரர்களைத் தேடிப் பிடித்தது. மான்சி, நெஸ்டர் கோர்டில்லோ, சாண்ட்ரோ, எஸ்லாவா, கோல்கீப்பர் சந்தானா என்று ஒரு கோஷ்டி. சிங்கப்பூர்க்காரர் அக்பர் நவாஸ் பயிற்சியாளர். மான்சி ஒருவரே 21 கோல். செலவு எங்கே செய்வது, எங்கே செய்யக்கூடாது என்று தெரிந்தவர்கள் போட்ட பட்டியல் அது. என் அபிப்பிராயத்தில் இந்தியாவில் எந்தக் கோடீசுவரன் டீமும் அந்த வருஷம் இத்தனை புத்தியோடு ஆள் எடுக்கவில்லை.

அவர்களோடு சேர்ந்து ஆடியவர்கள் யார்? எட்வின் சிட்னி வான்ஸ்பால், பாண்டியன் சீனிவாசன், ரொமாரியோ யேசுராஜ், அஜித்குமார் போன்ற நம் தமிழ்ப் பையன்கள். அதற்கு முந்திய பருவத்தில் கன்னியாகுமரிக் கடற்கரையின் மீனவர் கிராமத்திலிருந்து வந்த மைக்கேல் சூசைராஜ். ஐரோப்பியனோடு ஒரே மைதானத்தில் ஓடி, அவன் பாஸ் கொடுக்கும் விதத்தைக் கற்றுக்கொண்டு வளர்ந்தவர்கள்.

இவர்கள் எல்லாரும் எங்கே போனார்கள்? சூசைராஜ் 2018-லேயே ஜாம்ஷெட்பூர். வான்ஸ்பாலும் கோர்டில்லோவும் 2019-ல் முறையே சென்னையின் எஃப்.சி., ஐதராபாத். மான்சி 2020 ஜனவரியில் ஜப்பான். அதே வருஷம் அஜித்குமார் பெங்களூர், ரொமாரியோ கோவா. ஆட்டக்காரன் உயர்ந்த கூலி கிடைக்கும் இடத்துக்குப் போவதில் தவறு காண நான் யார்? அவன் கால் ஓடும் வருஷங்கள் பத்தோ பன்னிரண்டோதான். ஆனால் ஒரு பட்டியல் இப்படி ஒன்றிரண்டு வருஷத்தில் கரைந்து போகிறதென்றால், அதை நிறுத்திவைக்கும் வருமானம் கிளப்புக்கு இல்லை என்று அர்த்தம். ஏன் இல்லை?

இங்கேதான் விஷயம் அம்பலமாகிறது. 2010 டிசம்பரில் அகில இந்தியக் கால்பந்து சம்மேளனம், 15 வருஷத்துக்கு 700 கோடி ரூபாய் என்று பேசி, இந்தியக் கால்பந்தின் வர்த்தக உரிமைகளை ஐ.எம்.ஜி.-ரிலையன்ஸ் கம்பெனிக்கு எழுதிக் கொடுத்தது. அந்தக் கம்பெனி தனக்கென ஐ.எஸ்.எல்.லை உண்டாக்கியது. அன்று முதல் ஐ-லீக் மாற்றாந்தாய்ப் பிள்ளை. நாம் பட்டம் வென்ற அதே 2018-19 பருவத்தில், 110 ஆட்டங்களில் 80-ஐ மட்டுமே டெலிவிஷனில் காட்டுவோம் என்றார்கள். டெலிவிஷனில் வராத ஆட்டத்துக்கு விளம்பரதாரன் ஏன் பணம் கொடுக்கப் போகிறான்? கடையைத் திறந்து வைத்துவிட்டு, தெருவிளக்கை அணைத்துவிடுவது போன்ற தந்திரம் இது.

தரம் இல்லாததால் ஒதுக்கினோம் என்பார்கள். 2019 ஏப்ரலில் புவனேசுவரத்தில் நடந்த சூப்பர் கோப்பையில், அந்த வருஷத்து ஐ.எஸ்.எல். சாம்பியனான பெங்களூரை நம் டீம் 2-1 என்று தோற்கடித்தது. இரண்டு கோலும் மான்சி அடித்தது. அதே 2019-ல்தான் ஐ.எஸ்.எல்.லை நாட்டின் முதல் லீகாக உயர்த்தி, ஐ-லீக்கை இரண்டாம்படிக்குத் தள்ளினார்கள். மைதானத்தில் ஜெயித்தவன் கீழே, ஒப்பந்தத்தில் ஜெயித்தவன் மேலே! பட்டம் வென்ற ஐ-லீக் டீமுக்கு மேலே ஏறும் வாய்ப்பு 2022-23 பருவத்திலிருந்துதான் வந்தது. அதற்குள் நம் டீம் களத்தில் இல்லை.

அந்த ஏகபோகக் கடையின் கதியையும் பார்த்துவிட்டோம். 15 வருஷ ஒப்பந்தம் முடிய இருந்த நிலையில் 2025 ஜூலையில் ஐ.எஸ்.எல். நிறுத்தி வைக்கப்பட்டது. உரிமைகளுக்குக் கோரிய டெண்டருக்கு நவம்பர் கெடுவுக்குள் ஒரு மனு கூட வரவில்லை. பத்துப் பதினோரு வருஷம் “சந்தை வந்துவிட்டது, கால்பந்து பிழைத்துவிட்டது” என்று முழங்கியவர்கள், லாபம் இல்லை என்று தெரிந்ததும் டெண்டர் பாரத்தைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

இனி மிகவும் வேடிக்கையான பகுதிக்கு வருகிறேன். 2019 தொடக்கத்தில் சுவிட்சர்லாந்தின் எஃப்.சி. பாசல் என்ற கிளப் சென்னை சிட்டியில் 26 சதவீதப் பங்கை வாங்கியது. ஐரோப்பியக் கிளப் வந்துவிட்டது, இனி கோவைக்கு யோகம் என்று நாமெல்லாம் பூரித்தோம். நானும் பூரித்தவன்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பாசல் நகரத்து ரசிகர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? “நம் கிளப் பணத்தை இந்தியாவில் ஏன் போடுகிறீர்கள்?” என்று தங்கள் நிர்வாகத்தைக் கேட்டார்கள். அந்தக் கம்பெனியில் நான்கில் ஒரு பங்கு கிளப் உறுப்பினர்களின் சங்கத்தின் கையில் இருக்கிறது. 2021-ல் பிரிட்டிஷ் முதலீட்டுக் கம்பெனி ஒன்றுக்குக் கிளப்பை விற்கும் பேச்சு எழுந்தபோது ரசிகர்கள் எதிர்த்துக் கிளம்பினார்கள். அந்த மே மாதத்தில் பழைய முதலாளி வெளியேறினார்.

இதன் பொருளைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள், தோழர்களே. கோவையில் ஆடும் டீமில் பணம் போடலாமா கூடாதா என்று ஆயிரக்கணக்கான மைலுக்கு அப்பால் இருக்கும் பாசல் ரசிகன் கேள்வி கேட்க முடிந்தது. கணபதியிலும் பீளமேட்டிலும் சிங்காநல்லூரிலும் இருந்து டிக்கெட் வாங்கிப் போன நமக்கு வாய் திறக்க இடமில்லை! அவன் உறுப்பினன், நாம் வாடிக்கைக்காரர். வித்தியாசம் இவ்வளவுதான்.

“முதலாளி கைக்காசைப் போட்டு டீம் நடத்தினார், நன்றி சொல்ல வேண்டாமா?” என்று ஒரு நண்பர் என்னோடு சண்டைக்கு வந்தார். சொல்லலாம். அந்தப் பணம் இல்லாவிட்டால் 2019 மார்ச் 9 இல்லை. இதை மறுப்பது நேர்மையல்ல. தனிமனிதர் நல்லவரா கெட்டவரா என்ற விசாரணை எனக்கு வேண்டாம். ஒரு மனிதரின் பணப்பையிலோ, ஒரு கம்பெனியின் விளம்பரச் செலவிலோ தொங்கும் டீமுக்கு ஆயுள் எவ்வளவு என்பதே கேள்வி. பஞ்சாபில் பக்வாராவின் ஜே.சி.டி. மில் டீமைப் பாருங்கள். நம்மைப்போல் பஞ்சு மில் ஊர். 1996-97-ல் முதல் தேசியக் கால்பந்து லீக்கையே வென்ற டீம், 2011-ல் கலைத்துவிட்டார்கள். பம்பாயின் மகிந்திரா யுனைடெட் 2005-06-ல் சாம்பியன், 2010-ல் மூடுவிழா. முதலாளிக்கு மனம் இருந்தவரை பந்து உருண்டது.

வேறு வழி உண்டா என்று கேட்டால், உண்டு. ஆஸ்திரேலியாவில் மெல்போர்ன் நகரத்தின் மேற்கே ஃபுட்ஸ்கிரே என்ற பகுதி, ஆலைத் தொழிலாளர் வாழ்ந்த இடம். அங்கே ஆடுவது அந்த நாட்டுக்கே உரிய கால்பந்து. பந்து முட்டை வடிவம். 1989-ல் அந்த ஊர்க் கிளப் கடனில் மூழ்கியது. ஃபிட்ஸ்ராய் என்ற பக்கத்துக் கிளப்போடு இணைத்துக் கதையை முடிக்க மேலிடம் தீர்மானித்தது. ரசிகர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள்; உண்டியல் குலுக்கினார்கள்; சில வாரங்களில் வேண்டிய பணத்தைத் திரட்டி இணைப்பை முறியடித்தார்கள். 2016-ல் அதே கிளப் நாட்டின் சாம்பியன். உண்டியல் மட்டும் போதவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அங்கே ஒவ்வொரு கிளப்பும் வீரர் பட்டியலுக்குச் செலவிடும் தொகைக்கு உச்சவரம்பு உண்டு. கடைசி இடத்துக்கு வந்த டீம்தான் புதிய ஆட்டக்காரர்களில் முதலில் பொறுக்கும். முதலாளித்துவ நாடுதான்! ஆனால் பணமுள்ளவன் எல்லாரையும் விழுங்கிவிட்டால் ஆட்டம் செத்துவிடும் என்ற புத்தி அங்கே இருக்கிறது.

அவ்வளவு தூரம் போவானேன்? கல்கத்தாவில் ஈஸ்ட் பெங்கால் ரசிகர்கள் 2021 ஜூலையில் முதலீட்டுக் கம்பெனியோடு போட வேண்டிய ஒப்பந்த விவகாரத்தில் கிளப் வாசலில் திரண்டு போலீஸ் தடியடி வாங்கினார்கள். மோகன் பாகான் ரசிகர்கள் தங்கள் கிளப் பெயருக்கு முன்னால் ஒட்டிக்கொண்ட கம்பெனி டீமின் பெயரை நீக்கு என்று ஓயாமல் கோஷம் போட்டு, 2023-ல் நீக்க வைத்தார்கள். உறுப்பினர் சேர்ந்து கட்டிய ஸ்தாபனங்கள் அவை. அந்த உரிமையுணர்ச்சி இன்னும் ரத்தத்தில் இருக்கிறது.

டீக்கடையில் நானும் அந்த மோல்டர் தோழரும் ஒரு கணக்குப் போட்டோம். ஐ-லீக் நமக்கு எட்டாது, அதை மறந்துவிடுவோம். மாவட்ட லீக்கிலும் மாநில அளவிலும் ஆடுவதற்கு ஊர்க் கிளப் ஒன்று. கம்பெனியாக அல்ல, 1975-ம் வருஷத்துத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி ஒரு சங்கமாக. ஒரு ஆளுக்கு ஒரு ஓட்டு. ஆயிரம் கொடுத்தவனுக்கும் நூறு கொடுத்தவனுக்கும் அதே ஓட்டு. கோவை முழுவதிலும் 5,000 பேர் மாதம் 100 ரூபாய் கொடுத்தால் வருஷத்துக்கு 60 லட்சம். 20 ஆட்டக்காரர்களுக்கு மாதம் 15,000 கூலி என்றால் 36 லட்சம். மீதி 24 லட்சத்தில் பயிற்சியாளர், பஸ் சத்தம், பந்து, காலுறை, முழங்கால் பிசகினால் ஆஸ்பத்திரி. கூலி முதல் செலவு. மற்றதெல்லாம் அதற்குப் பின். நேரு ஸ்டேடியம் மக்கள் சொத்து; ஊர்ச் சங்கத்துக்கு நியாயமான வாடகையில் கொடு என்று சர்க்காரைக் கேட்க நமக்கு வாயிருக்கிறது.

அவர் டீயைக் குடித்து முடித்தார். மேஜைமேல் நான் எழுதிய கணக்கைத் திருப்பிப் பார்த்தார்.

“நூறு ரூவா பெருசில்லீங்க தோழர். மாசாமாசம் வரவு செலவைச் செவுத்துல ஒட்டுவீங்களா? ஒட்டறதுன்னா மொதோ ரசீது எம்பேருக்குப் போடுங்க.”