மூணு லட்சம் கேட்கிறான் அக்கா பையன்

இந்தப் பக்கம் வந்து எட்டு மாசம் ஆச்சு மக்களே. கடவுச்சொல் மறந்து, அதை மீட்டு, உள்ளே வந்து பார்த்தா கடைசிப் பதிவுக்கு நாலு பின்னூட்டம். அதுல மூணு, மூட்டுவலித் தைலம் விக்கிற ஸ்பாம். நாலாவது, 'அடிக்கடி எழுதுங்க பாஸ்'னு ஒரு அன்பர். பாஸ், உங்களுக்காகத்தான் இது.

போன ஞாயித்துக்கிழமை அக்கா பையன் கோயமுத்தூர்ல இருந்து திருப்பூருக்கு வந்தான். ஐடி கம்பெனியில மூணு வருஷ வேலை. காபியைக்கூட தொடாம லேப்டாப்பைத் திறந்து 22 ஸ்லைடு காட்டினான். தலைப்பைக் குடுத்தா போதுமாம், ஏஐ மாசத்துக்கு முப்பது பதிவு தமிழ்ல எழுதிக் குடுத்துரும். பதிவருக்கு விளம்பரக் காசு, இவனுக்கு மாசச் சந்தா. வேலையை விடப் போறான். மொத்தம் பன்னெண்டு லட்சம் வேணும். கையில நாலு இருக்கு. ஊர் நண்பன் சைபர், அதாவது வெறும் உழைப்பு. அக்கா நகையை வச்சு அஞ்சு. மிச்சம் மூணு மாமா, அதாவது நான்.

"நீ கடைசியா எப்ப மாப்ள ஒரு பதிவு எழுதின?"ன்னு கேட்டேன்.

"நான் எதுக்கு மாமா எழுதணும்? அதுக்குத்தான் டூல் செய்றோம்."

"சரி, கடைசியா யாரோட பதிவைப் படிச்ச?"

யோசிச்சான். "உங்களோடது படிச்சிருக்கேன் மாமா"ன்னான். சும்மா சொல்றான்னு அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

அன்னைக்கு ராத்திரி எனக்கு ஈவான் வில்லியம்ஸ் ஞாபகம் வந்தது. நாம பாதிப் பேர் ப்ளாக்ஸ்பாட்ல பொறந்தவங்கதானே. அந்தப் பிரசவ ஆஸ்பத்திரியைக் கட்டினவர் அவர். நெப்ராஸ்கா விவசாயக் குடும்பம், காலேஜை பாதியில விட்டவர். 1999-ல மெக் ஹுரிஹானோட சேர்ந்து சான்ஃபிரான்சிஸ்கோவில் பைரா லேப்ஸ்னு ஒரு கம்பெனி ஆரம்பிச்சார். ப்ளாக் எழுதறதுக்கு இல்லைங்க. அலுவலக வேலைகளைத் திட்டமிட்டு நிர்வகிக்க ஒரு மென்பொருள் செய்யறதா யோசனை. நடுவுல அவங்க ஒருத்தருக்கொருத்தர் குறிப்பு எழுதி வச்சுக்க ஒரு குட்டி நிரல் எழுதிக்கிட்டாங்க. அந்தக் குட்டிதான் அந்த ஆகஸ்ட்ல ப்ளாக்கர்னு வெளியே வந்தது. பெரிய மென்பொருளை இன்னைக்கு யாருக்கும் ஞாபகம் இல்லை.

அப்புறம் பணம் தீர்ந்தது. சர்வர் வாங்க காசில்லாம, பயன்படுத்தறவங்ககிட்டயே உண்டியல் குலுக்கினார்கள். எழுதறவங்க குடுத்தாங்க. 2001 ஜனவரியில் சம்பளம் போட வழியில்லாம கூட இருந்த எல்லாரும் கிளம்ப, தனி ஆளா நின்னார் மனுஷன். தானே எழுதற இடம், அதனால மூட மனசு வரலைன்னு நான் நினைச்சுக்கறேன். 2003 பிப்ரவரியில் கூகிள் வாங்குச்சு. கூகிள் வந்ததும் காசு குடுத்து வாங்க வேண்டிய வசதிகள் இலவசமாச்சு, நாமளும் கூட்டமா உள்ளே பூந்தோம்.

இதுவரைக்கும் தமிழ்ல பல பேர் எழுதின கதைதான். எனக்குப் பிடிச்சது அடுத்த பாகம்.

2004 கடைசியில் கூகிளை விட்டு வெளியே வந்து, நோவா கிளாஸ் கூட ஓடியோங்கிற கம்பெனியில் இறங்கினார். பாட்காஸ்ட் அப்ப புது மோகம். முதலீடு வந்து கொட்டுச்சு. 2005 ஜூன்ல ஆப்பிள் ஐட்யூன்ஸுக்குள்ளயே பாட்காஸ்ட்டைச் சேர்த்ததும் காலுக்கடியில மண் போச்சு. அதே வருஷம் நவம்பர்ல இவர் தன் பதிவுல, இணையக் கம்பெனி ஆரம்பிக்கிறவங்களுக்குப் பத்து விதி எழுதினார். சின்னதா இரு, குறுகலா இரு, உனக்கே வேணுங்கிறதைச் செய்னு போற பட்டியல். இன்னைக்கும் சுத்துற பதிவு அது. வேடிக்கை என்னன்னா, 'உனக்கே வேணுங்கிறதை'ன்னு அவர் எழுதினப்ப அவரோட கம்பெனி செஞ்சுக்கிட்டிருந்தது அதுக்கு நேர் எதிர்! பின்னாடி அவரே ஒத்துக்கிட்டார். நாங்க எங்களை மாதிரி ஆளுங்களுக்காக அதைச் செய்யலை, சீக்கிரமே அதிகப் பணமும் வாங்கிட்டோம்னு. மத்தவனுக்குச் சொல்ற விதியை நாமளே மீறுறோம்னு கண்டுபிடிக்கக் கொஞ்ச நாள் ஆகும்போல.

அந்த முடங்கிப்போன ஓடியோவுக்குள்ள, ஜாக் டோர்சி சொன்ன யோசனையில் 2006 மார்ச்ல ஒரு சின்ன விளையாட்டு ஆரம்பிச்சுது. யார் என்ன பண்றாங்கன்னு ஒருத்தருக்கொருத்தர் எஸ்எம்எஸ்ல சொல்லிக்கிறது. ஆபீஸ்காரங்களே அதுக்கு அடிமையானாங்க. அதுதான் ட்விட்டர். ஈவான் முதலீட்டாளர்கள்கிட்ட இருந்து மொத்தத்தையும் தானே திருப்பி வாங்கிக்கிட்டார். தன் பேரால வாங்கின பணத்தைத் திருப்பிக் குடுக்கிற அந்தக் குணம் எனக்கு ட்விட்டரை விடப் பெரிசாத் தெரியுது.

வேர்ட்பிரஸ் கதை இதைவிட நமக்கு நெருக்கம். 2003 ஜனவரி. ஹூஸ்டன்ல 19 வயசுப் பையன் மேட் முல்லன்வெக். அவன் பதிவு எழுதப் பயன்படுத்தின பி2-ங்கிற மென்பொருளை எழுதினவர் ஆளையே காணோம். 'நானே இதை எடுத்து வளர்க்கலாம்னு இருக்கேன்'ங்கிற மாதிரி ஒரு பதிவு போட்டான். இங்கிலாந்துல இருந்து மைக் லிட்டில்னு ஒருத்தர் 'நானும் வர்றேன்'ங்கிற ரீதியில் பின்னூட்டம் போட்டார். அவ்வளவுதான். மே 27-ல முதல் பதிப்பு. கம்பெனி வந்தது ரெண்டு வருஷம் கழிச்சு. ஒத்தைப் பின்னூட்டத்துல பொறந்ததுங்க அது! நாம போட்ட 'மீ த ஃபர்ஸ்ட்டு' பின்னூட்டம் எல்லாம் என்ன ஆச்சோ...

நம்ம ஊர்லயும் அப்படித்தானே? முகுந்த் எ-கலப்பை செஞ்சது சந்தை ஆய்வு பண்ணியா? விசைப்பலகையில் தமிழ் வரலைங்கிற கடுப்புல வந்தது. காசி ஆறுமுகம் 2004-ல தமிழ்மணம் ஆரம்பிச்சப்ப அவரே பதிவர். திரட்டி இல்லாம யார் எங்க எழுதறாங்கன்னு தேடித் திரிஞ்ச அவஸ்தை தெரிஞ்சவர். ரெண்டுலயும் யாரும் பெரும்பணம் பார்க்கலை. ஆனா அதுக்கு மேலதான் நாம எல்லாரும் உட்கார்ந்து சண்டை போட்டோம்.

இவ்வளவு வக்கணையா பேசறேனே, என் கதையைச் சொல்லலைன்னா நியாயமில்லை. 2013 மார்ச்ல கூகிள், ரீடரை மூடப் போறோம்னு அறிவிச்சுது. ஜூலை 1 கடைசி நாள். நானும் ரெண்டு நண்பர்களும் 'அந்த இடம் காலி, பிடிச்சிரலாம்'னு தமிழ்ப் பதிவு படிக்க ஒரு ஆண்ட்ராய்டு செயலி செஞ்சோம். பதினாலு மாசம், நாலரை லட்சம். ஒரு நாள் ஈரோட்டுல இருந்து ஒருத்தர் மெயில் போட்டார், 'உங்க ஆப்ல புதுசா ஒண்ணும் வர்றதில்லையே'ன்னு. போய்ப் பார்த்தா ஓடை நின்னு பதினோரு நாள் ஆச்சு. செஞ்ச மூணு பேருக்கும் தெரியலை. ஏன்னா மூணு பேருமே அதுல படிக்கலை! நான் வேற ஒரு ரீடருக்கு மாறி மாசக்கணக்கா ஆச்சு. அன்னைக்கு ராத்திரியே மூடிட்டோம். அந்த ஈரோட்டுக்காரருக்கு ஒரு மன்னிப்பு மெயில்கூட போடலை, இப்ப நினைச்சா வெக்கமா இருக்கு.

இப்ப எனக்குச் சோறு போடுறது, அப்பாவோட சின்ன பனியன் கம்பெனிக்காக எழுதின பீஸ் ரேட் கணக்கு மென்பொருள். சனிக்கிழமை சம்பளம் போடறப்ப நோட்டுல கூட்டிக் கூட்டி ராத்திரி பத்தாகும். எனக்கும் தம்பிக்கும் அதுதான் வேலை. அந்த எரிச்சல்ல எழுதினது. பக்கத்து யூனிட்காரர் பார்த்துட்டுக் கேட்டார், அவரைப் பார்த்து இன்னொருத்தர். விளம்பரம்னு ஒரு ரூபாய் செலவு பண்ணலை.

இதைச் சொன்னதும் மாப்ள மடக்கினான். "ஆஸ்பத்திரி சாஃப்ட்வேர் செய்றவன் எல்லாம் நோயாளியா மாமா?"

நல்ல கேள்விதான். நோயாளியா இருக்க வேண்டாம். ஆனா ஓபி வரிசையில் நாலு நாள் நின்னு பார்த்திருக்கணும். அப்பா கம்பெனிக்கு அப்புறம் நானும் மத்த யூனிட்ல சனிக்கிழமை ராத்திரி போய் உட்கார்ந்துதான் கத்துக்கிட்டேன்.

இன்னொரு பக்கத்தையும் சொல்லணும். தானே பயன்படுத்தினா மட்டும் ஜெயிச்சிரலாம்னு இல்லை. ஈவான் 2012-ல மீடியம் ஆரம்பிச்சார். எழுத்துமேல பிரியத்துல செஞ்சது, அவரும் அதுல எழுதினார். ஆனா விளம்பரத்தை நம்பி எழுத்தை நடத்த முடியாதுன்னு 2017 ஜனவரியில் 50 பேரை வீட்டுக்கு அனுப்பினார். ரெண்டே மாசத்துல, மாசம் 5 டாலர் சந்தான்னு மாத்தினார். 2022-ல தலைமைப் பொறுப்பை விட்டுட்டார். ப்ளாக்கர் செஞ்ச ஆளுக்கே எழுத்துல காசு பண்ற வழி லேசுல பிடிபடலை. இவன் ஸ்லைடுல அது ஏழாவது பக்கத்துல ஒரு அம்புக்குறி!

மோகத்தை நம்பி இறங்கறதும் அப்படித்தான். 2013-ல யாஹூ 110 கோடி டாலர் குடுத்து டம்ளரை வாங்குச்சு (காபி டம்ளர் இல்லைங்க). 2019-ல அது கைமாறினது 30 லட்சம் டாலருக்கும் கீழன்னு செய்திகள் சொல்லுச்சு. ஜேசன் கலகானிஸ் 2005-ல தன் வெப்லாக்ஸ் இங்க் கம்பெனியை ஏஓஎல்லுக்கு வித்தவர், 2008-ல இனி ப்ளாக் கிடையாது, மின்னஞ்சல்தான்னு அறிவிச்சார். போயும் போயும் மின்னஞ்சலான்னு நான் சிரிச்சேன். 2017-ல சப்ஸ்டாக் வந்து அதையே தொழிலாக்குச்சு. யார் சிரிக்கிறாங்கங்கிறதை வச்சு முதலீடு பண்ணினா என் கதிதான்.

மாப்ளையோட யோசனைக்கே வர்றேன். 2024 மார்ச்ல கூகிள் ஸ்பாம் விதிகளை மாத்துச்சு. தேடல்ல மேலே வர்றதுக்காக மொத்தமா குவிக்கிற பயனில்லாத பக்கங்களை, மெஷின் எழுதினாலும் மனுஷன் எழுதினாலும், தள்ளி வைப்போம்னு. மாசம் முப்பது பதிவுங்கிறது நேரா அந்தக் குழிக்குள்ள போய் விழற சமாச்சாரம். அதை விடுங்க. நம்மள்ல யாருக்காவது எழுதறதை இன்னொருத்தன்கிட்ட குடுத்துடணும்னு தோணியிருக்கா? எனக்கு எழுத நேரமில்லைன்னுதான் புகார், எழுதணுமேங்கிற புகார் இல்லை. பதிவரோட பழகியிருந்தா இந்த வித்தியாசம் அவனுக்கு ஒரே வாரத்துல தெரிஞ்சிருக்கும்.

ஆனா பழைய பதிவுகளைக் காப்பாத்தி வைக்க ஒரு வழி, ஸ்பாம் பின்னூட்டத்தைத் தமிழ்லயே கண்டுபிடிக்க ஒண்ணு, சந்திப்பிழை பார்க்க ஒண்ணு, இப்படி ஏதாவது கேட்டிருந்தா நான் மூணு லட்சத்தை யோசிக்காம குடுத்திருப்பேன். அதே ஏஐதான். தைலக்காரன்கிட்ட இருந்து என்னைக் காப்பாத்த ஆளில்லை.

அவன்கிட்ட சொன்னது இதுதான்: வேலையை விடாதே. மூணு மாசம் நீயே வாரம் ரெண்டு பதிவு எழுது. நாலு பதிவர் பக்கத்துல உட்கார்ந்து அவங்க எழுதறதைப் பாரு. அப்புறமும் இதையே செய்யணும்னா அதே மூணு லட்சம் இருக்கும், வட்டி வேண்டாம்.

"நீங்க பழைய ஆளு மாமா"ன்னுட்டு சாப்பிடாம கிளம்பிட்டான். மத்தியானம் கோழிக்குழம்பு வேற.

ராத்திரி அக்கா போன். "ஏன்டா தம்பி, பையன் மூஞ்சியைத் தொங்கப் போட்டுட்டு வந்திருக்கான், என்னடா சொன்ன?" நேர்ல வந்து சொல்றேன்னு வச்சுட்டேன்.

கோவைப் பக்கம் இன்னும் எழுதிக்கிட்டிருக்கிறவங்க யாராவது, ஒரு சாயங்காலம் அவனைப் பக்கத்துல உட்கார வச்சுக்க முடியுமா? டீ செலவு என்னோடது. பின்னூட்டத்துல சொல்லுங்க.

பி.கு: நகையை வைக்காதேன்னு அக்காகிட்ட இன்னும் சொல்லலை. வர்ற ஞாயிறு போறேன்.