ஆறடித் தண்ணீர்தானே!

"மாமா, எட்டு வயதெண்டால் விடலாமாம். ஆறடித் தண்ணிதானே!"

கனடாவிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த என் அக்காவின் மகள், நிலாவெளிக் கடற்கரையில் நின்று இவ்வாறு கூறினாள். அருகே அவளது ஒன்பது வயது மகன், தன் உயரத்தில் பாதியளவு இருந்த காற்றுச் சிலிண்டரைத் தடவிப் பார்த்துக்கொண்டு நின்றான். படகு ஆயத்தமாக இருந்தது. அங்கிருந்த இளைஞர் ஓர் ஆங்கிலப் படிவத்தை நீட்டி, "எல்லாத்துக்கும் 'இல்லை' எண்டு போட்டுக் கையெழுத்து வையுங்கோ அக்கா, இது சும்மா ஒரு சம்பிரதாயம்" என்றார்.

பிறர் எழுதியதை வரிவரியாக வாசித்துப் பிழை பார்த்தே காலத்தைக் கழித்தவன் நான். அந்தப் படிவத்தையும் வாசித்தேன். "ஆஸ்துமா உண்டா?" என்றொரு கேள்வி அதில் இருந்தது. "பனிக்காலத்தில பெடியன் பம்ப் பாவிக்கிறவன் எல்லோ?" என்று கேட்டேன். "அது எப்பவாவதுதானே மாமா" என்றாள் மருமகள். நான் சம்மதிக்கவில்லை. சிறுவன் அழுதான். அதன்பின் இரண்டு நாட்கள் அவன் என்னோடு பேசவில்லை. தாயும் அதிகம் பேசவில்லை. ஊரிலுள்ள கிழவர்களின் வழமையான கடற்பயம் என்று அவள் எண்ணியிருக்கக்கூடும். அவளுக்கு அன்று சொல்ல முடியாமற்போனதை இங்கு எழுதுகின்றேன். ஆண்டுதோறும் ஆடி, ஆவணியில் பிள்ளைகளோடு திருகோணமலைக்கும் பாசிக்குடாவுக்கும் வருகின்ற ஏனைய பெற்றோருக்கும் இது பயன்படலாம்.

முதலில் ஒன்றைத் தெளிவாகக் கூறிவிட வேண்டும். சிறுவர்கள் கடலுக்கடியிற் செல்வதை நான் எதிர்ப்பவனல்லன். சுழியோடுதல் எமக்குப் புதியதுமல்ல. மன்னார்க் கடலில் முத்துக் குளித்தவர்களும் சங்கு குளித்தவர்களும் எவ்விதக் கருவியுமின்றி, கல்லைக் கட்டிக்கொண்டு ஒரே மூச்சில் இறங்கி ஏறியவர்கள். திருக்கோணேஸ்வரத்தின் இடிபாடுகளை 1956ஆம் ஆண்டில் கோணமலையடியில் நீருக்குள் கண்டவர்கள் மைக் வில்சனும் ஆர்தர் சி. கிளார்க்கும் ஆவர். அதே வில்சன் 1961இல் தெற்குக் கடலில், மகா இராவணன் கோட்டை எனப்படும் பாறைத் தொடரருகே, வெள்ளி நாணயங்களோடு மூழ்கிக் கிடந்த கப்பலைக் கண்டபோது அவரோடு நீரில் இருந்தவர்கள் பதின்மூன்று, பதினான்கு வயதுடைய இரு அமெரிக்கச் சிறுவர்கள். ஆகவே கடல் பெரியவர்களுக்கு மட்டுமே உரியது என்று எவரும் கூற முடியாது.

எனது மறுப்பு "ஆறடித் தண்ணீர்தானே" என்ற அந்தச் சொல்லுக்கே. அதில் இரண்டு தவறான எண்ணங்கள் மறைந்திருக்கின்றன.

ஆழம் குறைந்தால் ஆபத்தும் குறையும் என்பது முதலாவது. நாம் பாடசாலையிற் படித்த போயிலின் விதியை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். அமுக்கம் கூடும்போது வாயுவின் கனவளவு குறையும். அமுக்கம் குறையும்போது கனவளவு கூடும். கடலில் ஒவ்வொரு பத்து மீற்றர் ஆழத்துக்கும் ஏறத்தாழ ஒரு வளிமண்டல அமுக்கம் சேர்கின்றது. முப்பது மீற்றரிலிருந்து இருபது மீற்றருக்கு ஏறுகையில் நுரையீரலிலுள்ள காற்று மூன்றிலொரு பங்கே விரிகின்றது. பத்து மீற்றரிலிருந்து மேற்பரப்புக்கு வருகையிலோ அது இரட்டிப்பாகின்றது. அதாவது, விரிவு மிக வேகமாக நிகழ்வது ஆழங்குறைந்த நீரிலேயே.

இதனாற்றான் சுழியோடப் பழக்குபவர்கள் முதற்பாடமாக "ஒருபோதும் மூச்சை அடக்காதே" என்று கூறுகிறார்கள். முத்துக் குளித்தவர் கரைக்காற்றை நெஞ்சில் நிரப்பிக்கொண்டு இறங்கினார். அந்தக் காற்று அடியிற் சுருங்கி, மேலே வந்ததும் பழைய அளவுக்கே திரும்பியது. சிலிண்டரிலிருந்து சுவாசிப்பவரோ அமுக்கப்பட்ட காற்றை அடியிலேயே நெஞ்சில் நிரப்புகின்றார். அதனை அடக்கிக்கொண்டு மேலெழுந்தால் விரிகின்ற காற்றுக்குப் போக்கிடமில்லை. நுரையீரல் கிழிந்து காற்றுக்குமிழி இரத்தத்தினூடாக மூளைக்குச் செல்லலாம். ஒன்றரை மீற்றருக்கும் குறைந்த ஆழத்தில், நீச்சற்குளத்தில்கூட, இவ்வாறான காயங்கள் நேர்ந்ததுண்டு. ஆஸ்துமா பற்றிப் படிவம் கேட்பதும் இதற்காகவே. சுவாசக் குழாய்கள் ஒடுங்கினால், மூச்சை அடக்காவிட்டாலும் காற்று உள்ளே சிறைப்படக்கூடும். ஆஸ்துமா இருந்தால் ஒருபோதும் இறங்கக் கூடாது என்பதல்ல; அதனைத் தீர்மானிக்க வேண்டியவர் வைத்தியர், படகுக்காரர் அல்லர்.

பயந்துபோன பிள்ளை என்ன செய்யும் என்று சற்று எண்ணிப் பாருங்கள். முகக்கண்ணாடிக்குள் சிறிது தண்ணீர் வந்தால் போதும். மூச்சை அடக்கிக்கொண்டு மேலே பாயும். நீச்சல் பழகிய நாள் முதல் அதனுடலில் ஊறிய பழக்கம் அது. அந்தப் பழக்கத்தை மாற்றுவதற்குக் கரையிற் பத்து நிமிடம் கொடுக்கும் விளக்கம் போதாது.

காதும் அவ்வாறே. நடுச்செவியையும் தொண்டையையும் இணைக்கும் சிறு குழாய் பிள்ளைகளுக்கு ஒடுக்கமானது, சாய்வும் குறைந்தது. எனவே அமுக்கத்தைச் சமப்படுத்துவது அவர்களுக்குக் கடினம். தடிமன் இருந்தால் அதிலும் கடினம். சிற்றுடல் விரைவிற் குளிர்ந்துவிடும். சாதாரண அலுமினியச் சிலிண்டர் ஒன்று வெறுமையாகவே ஏறத்தாழ பதினான்கு கிலோ எடையுடையது. ஒன்பது வயதுப் பிள்ளையின் எடையில் ஏறக்குறைய பாதி. அதற்குள் இருப்பது ஒட்சிசன் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் நாம் சுவாசிக்கும் சாதாரண காற்றே அமுக்கி அடைக்கப்பட்டிருக்கின்றது.

வயது எட்டாகிவிட்டால் பிள்ளை ஆயத்தம் என்பது இரண்டாவது தவறான எண்ணம். சர்வதேசப் பயிற்சி நிறுவனமான 'பாடி'யின் விதிப்படி எட்டு வயதுப் பிள்ளைக்கு இரண்டு மீற்றர் ஆழம் வரை, பயிற்றுநரின் நேரடிப் பார்வையில் அறிமுகம் வழங்கலாம். பத்து வயதில் இளையோருக்கான சான்றிதழ் பெறலாம். பன்னிரண்டு மீற்றருக்குக் கீழே செல்லக் கூடாது, பெற்றோரோ பாதுகாவலரோ தொழில்முறைச் சுழியோடியோ உடனிருக்க வேண்டும். இவை எல்லைக்கோடுகள் மாத்திரமே. எட்டு வயதில் நிதானமாக இருக்கும் பிள்ளையும் உண்டு. பதின்மூன்று வயதிலும் சொல் கேளாத பிள்ளையும் உண்டு.

ஆகவே பெற்றோர் சில கேள்விகளைக் கேட்டுக்கொள்ள வேண்டும். பிள்ளைக்கு நீச்சல் தெரியுமா? முகக்கண்ணாடியில் தண்ணீர் புகுந்தால் பதறாமல் நிற்குமா? சைகையைப் புரிந்துகொள்ளுமா? அளவான உபகரணம் இருக்கின்றதா? ஒரு பயிற்றுநர் எத்தனை பிள்ளைகளைக் கூட்டிச் செல்கிறார்? "வேண்டாம்" என்று கடைசி நிமிடத்தில் பிள்ளை சொன்னால் ஏசாமல் திரும்புவார்களா? எல்லாவற்றிலும் முக்கியமாக, இந்த ஆசை யாருடையது? பிள்ளையினதா, முகநூலிற் படம் போடக் காத்திருக்கும் எங்களுடையதா?

முத்துக் குளிப்பில் கயிற்றைப் பிடிப்பவர் மைத்துனராகவே இருப்பார் என்று எமது கரையோரங்களில் சொல்வார்கள். தங்கையின் தாலி அவர் கையில் இருப்பதால் கவனம் தவறமாட்டார் என்பது அதன் பொருள். "சும்மா சம்பிரதாயம்" என்று சொல்பவரின் கையில் பிள்ளையின் கயிற்றைக் கொடுக்கலாமா என்பதே என் கேள்வி.

மறுபுறத்தில் இன்னொரு கவலையும் எனக்குண்டு. போர்க்காலத்தில் வடக்கு, கிழக்கின் கரைகள் பல எமக்கு மூடிக்கிடந்தன. 2004 டிசம்பர் 26இன் பின்னர் கடல் என்றாலே நடுங்கும் பிள்ளைகளை நான் கண்டிருக்கின்றேன். மீனவக் குடும்பங்களுக்கு வெளியே, கடலைப் பார்த்தபடியே வளர்ந்தும் நீந்தத் தெரியாத ஒரு தலைமுறை உருவாகிவிட்டது. புறாமலைக்கு வெளிநாட்டவரை ஏற்றிச் செல்லும் படகோட்டியிடம் கேட்டேன். அவரது பிள்ளைகள் இருவரும் ஒருநாளேனும் முகக்கண்ணாடி அணிந்து அந்தப் பவளப்பாறைகளைப் பார்த்ததில்லை. புறாமலை 2003ஆம் ஆண்டிலிருந்து தேசியப் பூங்கா. அது யாருடைய தேசத்துப் பூங்கா என்று கேட்கத் தோன்றுகின்றது. கரையோரப் பாடசாலைப் பிள்ளைகளுக்கு நீச்சலும், அதன்பின் முகக்கண்ணாடியும் மூச்சுக்குழலும் கிடைக்குமாயின், எதிர்காலத்தில் அந்தப் பாறைகளைக் காப்பவர்களும் அவர்களாகவே இருப்பர்.

மூன்றாம் நாட்காலை மருமகளின் மகனை நானே புறாமலைக்குக் கூட்டிச் சென்றேன். சிலிண்டர் இல்லை, மிதப்புச் சட்டை, முகக்கண்ணாடி, மூச்சுக்குழல் மட்டும். இடுப்பளவு நீரில் தாய் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். பவளப்பாறையில் மிதிக்கக் கூடாது என்று முன்னரே சொல்லியிருந்தேன். கால் மணி நேரம் அவன் தலையைத் தூக்கவேயில்லை. பின்னர் குழலைக் கழற்றிவிட்டு, இரண்டு நாட்களின் பின் முதற்தடவையாக என்னோடு பேசினான்.

"தாத்தா, மீன் கல்லைக் கடிக்கிற சத்தம் கேட்குது!"

கிளிமீன்கள் பாறையைக் கொறிக்கும் ஓசை அது. இத்தனை வருடங்களாக இந்தக் கடலருகே வாழ்ந்தும் நான் அதைக் கவனித்ததில்லை. அவனிடமிருந்து முகக்கண்ணாடியை வாங்கி நானும் தலையைத் தாழ்த்தினேன்.

சிலிண்டரோடு இறங்குவதைப் பற்றிக் கனடாவில் அவனது வைத்தியர் தீர்மானிக்கட்டும். கடல் எங்கும் போய்விடாது.