பச்சை உடம்புக்காரிக்கு யார் துணை?



குழந்தை பிறந்த வீட்டில் எல்லாருடைய கண்களும் தொட்டிலின் மேல்தான் இருக்கும். எடை கூடியதா, பால் போதுகிறதா, திருமுழுக்கு எப்போது என்று விசாரிக்கிறோம். ஆனால் தாயிடம், "உன் மனம் எப்படியம்மா இருக்கிறது?" என்று கேட்பவர்கள் எத்தனை பேர்?

பிரசவமான முதல் சில நாட்களில் காரணமின்றி அழுகை வருவது பல பெண்களுக்கு உண்டு. அது பெரும்பாலும் இரண்டு வாரங்களுக்குள் தானாகவே தணிந்துவிடும். அதற்குப் பின்னும் சோகம், எதிலும் நாட்டமின்மை, குழந்தை தூங்கும்போதும் தூக்கம் வராமை, 'நான் நல்ல தாய் இல்லை' என்ற குற்ற உணர்வு ஆகியவை நீடித்தால், அது மனச்சோர்வு என்னும் நோயாக இருக்கலாம். இந்தியாவில் நடந்த 38 ஆய்வுகளைத் தொகுத்து, உலக நலவாழ்வு நிறுவனத்தின் இதழில் 2017-இல் வெளியான கட்டுரை, பிரசவித்த பெண்களில் 22 விழுக்காட்டினர் இதற்கு உள்ளாவதாகக் கூறுகிறது. அதாவது, ஐந்து தாய்மாரில் ஒருவர்! இவர்களைத்தான் நாம் 'சோம்பேறி' என்கிறோம்; 'செபம் போதாது' என்கிறோம். இது விசுவாசக் குறைவு அன்று. சர்க்கரை நோயைப் போல மருத்துவம் தேவைப்படும் நோய்.

இந்நோயைத் தடுக்கவும் தணிக்கவும் உடற்பயிற்சி உதவுகிறது என்பது ஆறுதலான செய்தி. 4,000-க்கும் மேற்பட்ட பெண்கள் பங்கேற்ற 35 ஆய்வுகளைத் தொகுத்து, பிரிட்டிஷ் விளையாட்டு மருத்துவ இதழ் 2024-இல் ஒரு கட்டுரை வெளியிட்டது. உடற்பயிற்சி செய்த தாய்மாருக்கு மனச்சோர்வு வரும் வாய்ப்பு ஏறக்குறைய 45 விழுக்காடு குறைவாக இருந்தது. இதற்குப் பெரிய உடற்பயிற்சிக் கூடம் எதுவும் வேண்டாம். வாரத்திற்கு 80 நிமிட வேகநடை, அதாவது நான்கு நாட்கள் 20 நிமிடம் நடந்தாலே பயன் உண்டு. பிரசவமான 12 வாரங்களுக்குள் தொடங்குவது நல்லது. அறுவைச் சிகிச்சை ஆனவர்கள் மருத்துவரைக் கேட்டே தொடங்க வேண்டும்.

நம் பெரியவர்கள் வகுத்த நாற்பது நாள் ஓய்வு தாய்க்கு உணவும் கவனிப்பும் தந்தது. அதைப் பழிக்க வேண்டாம். ஆனால் ஓய்வு, கதவடைப்பாகிவிடக் கூடாது. மேலும், தாய்வீட்டுக் கவனிப்பு முடிந்து தனிக்குடித்தனம் திரும்பும் பெண், பகல் முழுவதும் குழந்தையோடு தனியே இருக்கிறாள். அவளிடம், "நட, எல்லாம் சரியாகிவிடும்" என்று சொல்லிவிடுவது எளிது. அந்த 20 நிமிடம் குழந்தையை யார் வைத்திருப்பது? இதற்குப் பதில் சொல்லாத அறிவுரை அவளுக்கு இன்னுமொரு சுமையே. கணவர் வைத்துக்கொள்ளலாம், மாமியார் வைத்துக்கொள்ளலாம். யாரும் இல்லாத வீட்டுக்கு நம் அன்பியத்துச் சகோதரிகள் போகலாம்.

நடை மட்டுமே எல்லாருக்கும் போதுமான மருந்தாகாது. சோர்வு நீடித்தால் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். பாலூட்டும் தாய்க்கும் ஏற்ற சிகிச்சைகள் உண்டு. தன்னையோ குழந்தையையோ மாய்த்துக்கொள்ளும் எண்ணம் அவள் வாயிலிருந்து வந்தால், அவளைத் தனியே விடாமல் அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். 2022-இல் தொடங்கப்பட்ட அரசின் இலவச மனநல உதவி எண் 14416 இரவும் பகலும் இயங்குகிறது.

அடுத்த முறை குழந்தை பார்க்கப் போகும்போது, பழமும் சட்டையும் கொண்டுபோவதோடு, "குழந்தையை நான் பார்த்துக்கொள்கிறேன், நீ கொஞ்சம் நடந்துவிட்டு வா" என்றும் சொல்வோமா? சிந்திப்போம், செயல்படுவோம்.