இரத்தத்திலேயே இருக்கிறதாம்!

அமெரிக்காவில் கறுப்பினத்தவருக்கு இரத்த அழுத்தம் அதிகம். குழந்தைப் பருவத்திலேயே இந்த வேறுபாடு தலைகாட்டுகிறது. ஏன் என்று கேட்டால், 'அது அவர்கள் இரத்தத்திலேயே இருக்கிறது' என்று ஒரு பதிலைத் தயாராக வைத்திருக்கிறார்கள். பிறப்பைக் காட்டி மனிதரை அளக்கும் ஊரில் வளர்ந்த நமக்கு இந்தப் பேச்சு புதிதா என்ன?

இதற்கொரு கதையும் உண்டு. அடிமைக் கப்பல்களில் தாகத்திலும் வயிற்றுப்போக்கிலும் மக்கள் செத்து விழுந்தபோது, உடலில் உப்பைத் தக்கவைக்கும் தன்மை கொண்டவர்களே பிழைத்தார்களாம். அவர்களின் வாரிசுகளுக்குத்தான் இன்று இரத்த அழுத்தமாம். சங்கிலி பூட்டியவனை விட்டுவிட்டு, பூட்டப்பட்டவனின் மரபணுவில் குற்றம் தேடும் கதை! இதற்கு வரலாற்று ஆதாரம் இல்லை என்று பிலிப் கர்டின் 1992இலேயே எழுதிவிட்டார். கதை மட்டும் சாகவில்லை.

1997இல் ரிச்சர்ட் கூப்பர் குழுவினர் மேற்கு ஆப்பிரிக்க வழிவந்த மக்களை மூன்று நிலப்பகுதிகளில் அளந்தார்கள். உயர் இரத்த அழுத்தம் மேற்கு ஆப்பிரிக்காவில் 16 சதவீதம், கரீபியனில் 26, அமெரிக்காவில் 33. மூதாதையர் ஒன்றுதான்.

கருவறைக்கு வருவோம். எடை குறைந்து பிறக்கும் குழந்தைக்குப் பின்னாளில் இரத்த அழுத்தம் கூடும் வாய்ப்பு அதிகம் என்பதை இங்கிலாந்தில் டேவிட் பார்க்கர் காட்டினார். எடை ஒன்றே காரணமல்ல. கர்ப்பகாலப் புகை, பிறந்த முதல் மாதங்களில் எடை ஏறும் வேகம் என இன்னும் உண்டு. ஆனால் இந்த எடைக் கணக்கு ஒன்றே 'இரத்தம்' பேசுவோரின் வாயை அடைக்கப் போதும். அதே 1997இல் சிகாகோ மருத்துவர்கள் ரிச்சர்ட் டேவிட்டும் ஜேம்ஸ் காலின்ஸும் இல்லினாய் மாநிலப் பிறப்புப் பதிவுகளை ஒப்பிட்டார்கள். அமெரிக்காவில் பிறந்த வெள்ளையினத் தாய்மாரின் குழந்தைகள் சராசரியாக 3,446 கிராம். ஆப்பிரிக்காவில் பிறந்து குடியேறிய கறுப்பினத் தாய்மாரின் குழந்தைகள் 3,333. அமெரிக்காவிலேயே பிறந்த கறுப்பினத் தாய்மாரின் குழந்தைகளோ 3,089!

மரபணுதான் காரணமென்றால், ஆப்பிரிக்காவிலிருந்து நேரே வந்தவரின் குழந்தையல்லவா மிக மெலிந்து பிறந்திருக்க வேண்டும்?

2002இல் அதே மருத்துவர்கள் அடுத்த தலைமுறையையும் பார்த்தார்கள். குடியேறியவர்களின் மகள்கள் அமெரிக்காவில் வளர்ந்து தாயானபோது, அவர்கள் பெற்ற பெண் குழந்தைகளின் எடை குறைந்திருந்தது. ஒரு தலைமுறையில் மரபணு மாறிவிடாது. அந்தப் பேத்தியின் கையில் பட்டையைச் சுற்றி அழுத்தம் பார்த்து, படிவத்தில் 'இனம்' என்ற கட்டத்தை டிக் அடித்து, காரணம் கண்டாயிற்று என்று எழுந்து போகிறவரை அறிவியலாளர் என்று நாம் ஏன் அழைக்க வேண்டும்?