கடாத்தோலும் கால்சட்டையும்

தரங்கம்பாடியில் 1620-ஆம் ஆண்டு கோட்டை கட்டிய தென்மார்க்கியரைத் தமிழர் அறிவர். அவர்தம் மொழியில் கால்சட்டைக்கு வழங்கும் சொல் 'புக்சர்' என்பது. நாளும் உடுத்தும் உடையின் பெயராயிற்றே, அம்மண்ணில் முளைத்ததாகத்தான் இருக்கும் என்று எண்ணத் தோன்றும். அன்று, அது வடசெருமானியக் கரையினின்று கப்பலேறி வந்த சொல். அங்கு வழங்கிய தாழ்செருமானிய மொழியில் 'புக்' என்பது ஆட்டுக்கடா. 'ஓசே' என்பது காலுறை. கடாத்தோலால் தைத்த காலுறை என்னும் பொருளுடைய அக்கூட்டுச்சொல் தேய்ந்து 'புக்சே' ஆயிற்று. தென்மார்க்கை அடைந்து 'புக்சர்' ஆயிற்று.

அதற்குமுன் அம்மக்கள் கால்சட்டை அணியாதிருந்தனரோ? அணிந்தனர், 'புரோக்' என்று பெயரும் இட்டிருந்தனர். ஏறத்தாழ 1200-இல் தென்மார்க்கின் வரலாற்றை இலத்தீனில் எழுதிய சாக்சோ, மயிரடர்ந்த கால்சட்டை அணிந்து பாம்புகளைக் கொன்ற பழங்கதை மன்னன் ஒருவனைக் குறிக்கிறார். அவனுக்கு அமைந்த பட்டப்பெயரே 'லோத்புரோக்'. மயிர்க்கால்சட்டையன் என்பது பொருள். 'பிரீச்சசு' என்னும் ஆங்கிலச் சொல்லும் இதன் உடன்பிறப்பே.

மன்னன் பெயரில் வீற்றிருந்த அச்சொல் வழக்கிழந்தது எவ்வாறு? 13-ஆம் நூற்றாண்டு தொடங்கி வடகடல் வணிகம் இலூபெக்கு நகரை முதன்மையாகக் கொண்ட அன்சா வணிகர் கூட்டணியின் கைக்குள் இருந்தது. 1370-இல் தென்மார்க்கு அவர்களிடம் தோற்று, இசுக்கோனே கரையின் நான்கு கோட்டைகளையும் அவற்றின் வருவாயில் மூன்றிலிரு பங்கையும் 15 ஆண்டுகளுக்கு விட்டுக்கொடுத்தது. கோட்டைகள் மீண்டன, சொற்கள் மீளவில்லை. சந்தையில் கேட்ட மொழி வீட்டிலும் கேட்டது. தையற்காரனுக்கு அவர்கள் வழங்கும் 'சுக்ரெதர்' என்னும் பெயரும் தாழ்செருமானியமே. தைத்தவன் பெயரும் தைத்ததன் பெயரும் ஒருங்கே புகுந்தன. இவைகூடப் பொறுக்கத்தக்கன, 'ஆதல்' என்னும் வினைக்கே 'பிலிவெ' என்று கடன் வாங்கினரே, அதை என்னென்பது! பெயர்ச்சொல் ஒரு பொருளோடு நிற்கும். அவ்வினையோ நாள்தோறும் பேசும் சொற்றொடர்களிலெல்லாம் ஊடாடும்.

இதே இனமொழி பேசும் ஐசுலாந்தியர் மொழிக்காப்பில் கண்டிப்பானவர். 1965-இல் கணிப்பொறிக்கு, எண்ணையும் குறிசொல்பவளையும் குறித்த இரு பழஞ்சொற்களை இணைத்துப் பெயர் படைத்துக்கொண்டனர். தொலைபேசிக்கு, நூலிழையைக் குறித்து மறைந்துபோன சொல்லை எழுப்பினர். அத்தகையோரிடமும் கால்சட்டை 'புக்சூர்'தான். 'புரோக்' அங்கு இறந்துபடவில்லை. உள்ளே அணியும் சிற்றாடைக்குப் பெயராகி ஒதுங்கிக் கிடக்கிறது.