கோவையின் கண்ணில் விழுந்த தழும்பு

மாநிலத்தின் பொதுச் சுகாதாரப் பொறுப்பை வகிக்கும் உயர் அலுவலர் அவர்களுக்கு,

இந்த மடலில் உள்ள செய்தி தங்கள் அலுவலகத்துக்குப் புதிதல்ல. இதை எழுதுபவர் அனுப்பிய முதல் மனுவுக்கு ஒப்புகை வந்தது. இரண்டாவது மனு 'தக்க நடவடிக்கைக்காக' வேறோர் அலுவலகத்துக்கு அனுப்பப்பட்டதாக ஒரு வரி வந்தது. மூன்றாவதற்கு எதுவும் வரவில்லை. ஆகவே இப்போது ஊரறிய எழுதுகிறார். சட்டப் பிரிவுகளையும் அரசாணை எண்களையும் இங்கே அடுக்கப் போவதில்லை; அவை தங்களுக்கு மனப்பாடம். நினைவூட்ட வேண்டியது ஒரே ஒரு நிகழ்வைத்தான்.

2004-ஆம் ஆண்டின் பிற்பகுதி. கோயம்புத்தூர் அரவிந்த் கண் மருத்துவமனைக்கு ஒரே வகைக் கண்நோயோடு ஆட்கள் வரத் தொடங்கினார்கள். இந்த நோய் பெரும்பாலும் ஒரு கண்ணைத்தான் பிடிக்கும். பார்வை மங்கும், கண்ணுக்குள் கொசு பறப்பதுபோலப் புள்ளிகள் மிதக்கும். சொட்டு மருந்து விட்டுக் கண்மணியை விரியவைத்து, உள்ளே வெளிச்சம் பாய்ச்சிப் பார்க்கிற மருத்துவருக்கு, பனிமூட்டத்தில் எதிரே வரும் வண்டியின் முகப்பு விளக்குபோல, கலங்கலுக்கு நடுவே ஒரு வெள்ளைத் திட்டு தெரியும். கண் மருத்துவம் படிக்கும் எவருக்கும் இந்த உவமை பாடம். பார்த்ததும் நோயின் பெயர் வாயில் வந்துவிடும்: டாக்ஸோபிளாஸ்மோசிஸ்.

ஒருவர், இருவர் என்றால் வியப்பில்லை. 2005-க்குள் எண்ணிக்கை 248-ஐத் தொட்டது. அவர்களில் பலருக்குத் தொற்று அண்மையில்தான் ஏற்பட்டிருந்தது என்று இரத்தப் பரிசோதனை காட்டியது. நோயாளிகள் எங்கெங்கே குடியிருக்கிறார்கள் என்று பார்த்த மருத்துவர்களின் சந்தேகம் குழாயில் வரும் குடிநீரின் மேல் விழுந்தது. அவர்கள் தங்கள் கடமையைச் செய்தார்கள். 2006-இல் இந்தியக் கண் மருத்துவ ஆய்விதழிலும் 2010-இல் அமெரிக்க ஆய்விதழ் ஒன்றிலும் எல்லாவற்றையும் எழுதிவைத்தார்கள். இன்று தண்ணீர் வழியாக இந்த நோய் பரவியதைப் பற்றி உலகில் யார் எழுதினாலும், கனடாவின் விக்டோரியாவோடும் பிரேசிலின் ஊர்களோடும் சேர்த்துக் கோயம்புத்தூரின் பெயரையும் எழுதுகிறார்கள்.

உலகம் படித்துவிட்டது. கோவையின் தெருக்குழாயில் குடம் நிரப்பும் பெண்ணுக்கு மட்டும் இன்றுவரை யாரும் சொல்லவில்லை.

அந்த 248 என்பது கண்ணில் பாதிப்புத் தெரிந்து, பயந்துபோய், மருத்துவமனைப் படி ஏறியவர்களின் கணக்கு. இந்த நோயைத் தரும் டாக்ஸோபிளாஸ்மா என்னும் ஒட்டுண்ணி தொற்றியவர்களில் பெரும்பாலோருக்கு ஒன்றுமே தெரியாது. சிலருக்குக் கழுத்தில் நெறி கட்டும், நாலு நாள் காய்ச்சல் அடித்துவிட்டுப் போய்விடும். விக்டோரியாவில் 1994-95-இல் இதே நோய் பரவியபோது கண்டறியப்பட்டவர்கள் 100 பேர். அவர்களில் கண் பாதித்தவர்கள் 20 பேர் அளவில்தான். ஆனால் ஊர் முழுக்கத் தொற்றியவர்கள் ஏறத்தாழ 2,900-க்கும் 7,700-க்கும் இடையே இருக்கலாம் என்று அங்கே கணக்கிட்டார்கள். விழித்திரை வரை சேதம் போனவர்களே கோவையில் 248 பேர் என்றால், தொற்றியவர்கள் எத்தனை ஆயிரம்? அந்தக் கணக்கு எந்தக் கோப்பில் இருக்கிறது?

விக்டோரியாக்காரர்கள் இன்னொன்றும் செய்தார்கள். கர்ப்பிணிகளையும் அண்மையில் பிள்ளை பெற்றவர்களையும் அழைத்தார்கள். 3,800 பேருக்கு மேல் பரிசோதித்து, புதிதாகத் தொற்றியிருந்த 36 பேரைக் கண்டுபிடித்தார்கள். ஏன் என்பது தங்களுக்குத் தெரியும். கருவுற்றிருக்கும்போது முதன்முறையாகத் தொற்றினால்தான் இந்த ஒட்டுண்ணி நஞ்சுக்கொடியைத் தாண்டிக் குழந்தைக்குப் போகும் ஆபத்து பெரிது. தொடக்க மாதங்களில் அப்படிப் போவது குறைவு, போனால் சேதம் கொடியது: கரு கலையலாம், தலையில் நீர் கோக்கலாம், மூளையில் சுண்ணாம்புத் திட்டுகள் விழலாம். கடைசி மாதங்களில் எளிதாகப் போகும். குழந்தையோ கொழுகொழுவென்று, குறையே இல்லாததுபோலப் பிறக்கும். பிறகு பள்ளிப் பருவத்திலோ கல்லூரிப் பருவத்திலோ ஒருநாள் விழித்திரையில் அழற்சி ஏற்பட்டுப் பார்வை மங்கும்.

அந்த ஓராண்டில் கோவையில் சூலுற்றிருந்த பெண்கள் எத்தனை பேர்? அவர்களில் யாரை யார் அழைத்தார்கள்? அன்று வயிற்றிலிருந்த பிள்ளைகளுக்கு இன்று ஏறத்தாழ 20 வயது. தங்கள் தாய் குடித்த தண்ணீரைப் பற்றி அந்தப் பிள்ளைகளிடம் சொல்ல வேண்டியது யார்?

இந்த ஒட்டுண்ணி தங்கள் துறைக்கு அறிமுகமில்லாதது என்று சொல்ல முடியாது. எச்.ஐ.வி. தொற்றால் எதிர்ப்பாற்றல் குறைந்தவர்களின் மூளையை இது தாக்காமலிருக்கவும் அரசு மையங்களிலேயே கோட்ரைமாக்ஸசோல் மாத்திரை கொடுக்கப்படுகிறது. ஐ.நா. உணவு வேளாண் அமைப்பும் உலக சுகாதார அமைப்பும் 2014-இல் உணவு வழி ஒட்டுண்ணிகளைத் தரவரிசைப்படுத்தியபோது இதை நான்காவது இடத்தில் வைத்தன. அதே ஆண்டு வெளிவந்த இந்திய ஆய்வொன்றில், கருவுறும் வயதுப் பெண்களில் நாட்டளவில் 22 விழுக்காட்டினருக்கும், தென்னிந்தியாவில் 37 விழுக்காட்டினருக்கும் இதன் தடயம் இரத்தத்தில் இருந்தது. தென்னிந்தியாவில் மீதமுள்ள 63 விழுக்காட்டினர் இதுவரை தப்பியவர்கள். கருவுற்றிருக்கும்போது முதன்முறையாகத் தொற்றக்கூடியவர்களும் அவர்கள்தான்.

தெரிந்த கிருமி, தெரிந்த ஊர், தெரிந்த ஆபத்து. சொல்லத்தான் ஆளில்லை. சொல்லாததால் என்ன நடக்கிறது என்பதை ஒரு வீட்டுக்குள் வந்து பாருங்கள்.

கொங்குப் பகுதியில் ஒரு சிற்றூர். இதை எழுதுபவரின் அக்காள் மகளுக்குப் பதினோராவது வாரம். தனியார் மருத்துவமனை ஒன்றில், கருவைப் பாதிக்கும் தொற்றுகளைத் தேடும் 'டார்ச் டெஸ்ட்' எடுக்கச் சொன்னார்கள். முடிவுத் தாளில் டாக்ஸோபிளாஸ்மா ஐ.ஜி.எம். என்ற வரிக்கு நேரே 'பாசிட்டிவ்' என்று தடித்த எழுத்தில் இருந்தது. அது என்ன என்று யாரும் விளக்கவில்லை. வராந்தாவில் நின்ற ஊழியர் ஒருவர், "பூனை வளக்கறீங்களா? அதான். கலைச்சிட்டா நல்லதுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்று இரவு வீட்டில் அடுப்பு எரியவில்லை. மறுநாள் விடியற்காலையில் மாமனார், ஐந்தாண்டாக வீட்டில் வளர்ந்த பூனையைக் கோணிப்பையில் கட்டி, வண்டியில் எடுத்துப்போய் மீன் சந்தைப் பக்கம் விட்டுவிட்டு வந்தார். அந்தப் பெண் வாசற்படியிலேயே உட்கார்ந்திருந்தாள்.

வேறோர் ஊரில் இருந்த மருத்துவர் ஒருவர்தான் அவசரப்பட வேண்டாம் என்று தடுத்தார். ஐ.ஜி.எம். என்னும் எதிர்ப்பொருள், தொற்று ஏற்பட்டபின் மாதக்கணக்கில், சிலருக்கு ஆண்டுக்கணக்கில்கூட இரத்தத்தில் தங்கும். அதை மட்டும் வைத்து முடிவெடுக்கக் கூடாது என்றார். 'அவிடிட்டி' என்னும் இன்னொரு பரிசோதனை எடுக்கச் சொன்னார். முடிவு உயர்வாக வந்தது. தொற்று பழையது, கரு உருவாவதற்கு முன்பே வந்துபோனது என்று பொருள். பிள்ளை நலமாகப் பிறந்தது. பூனை திரும்பவில்லை.

அந்த வீட்டில் யாரும் கேட்காத கேள்விகள் பல. இரத்தம் ஊறும் என்று வாரம் ஒருமுறை ஆட்டுச் சுவரொட்டியை அனலில் லேசாக வாட்டிக் கொடுத்தார்கள். அது உள்ளே வெந்திருந்ததா? ஆட்டிறைச்சிக்குள் கண்ணுக்குத் தெரியாத கூடுகளாக இந்த ஒட்டுண்ணி இருக்கக்கூடும். நன்றாக வேகவைத்தால் சாகும். கொல்லையில் கீரை பறித்த கையைச் சோப்புப் போட்டுக் கழுவினாளா? பக்கத்து மனையில் வீடு கட்டக் கொட்டிய மணல் குவியலில் ஊர்ப் பூனைகள் மலம் கழித்தன. அதில் விளையாடிய பிள்ளைகள் அதே கையோடு வந்து மடியில் ஏறினார்களா? தண்ணீரைக் காய்ச்சிக் குடித்தாளா? அவள் கையிலிருந்த கர்ப்பிணிகள் புத்தகத்தை எழுதுபவர் அட்டை முதல் அட்டை வரை புரட்டினார். இரும்புச்சத்து மாத்திரை இருந்தது, தடுப்பூசி இருந்தது, சத்துணவு இருந்தது. இதைப் பற்றி ஒரு வரி இல்லை.

பழி முழுக்கப் பூனைமேல் விழுந்ததே, அதுவும் அறியாமைதான். பூனையின் குடலில்தான் இந்த ஒட்டுண்ணியின் சுழற்சி நிறைவடைகிறது என்பது 1970-ஐ ஒட்டி உறுதியானது. அதை உறுதிசெய்த ஆய்வாளர்களில் ஒருவர் இந்தியாவில் பிறந்த ஜிதேந்தர் துபே. தொற்றிய பூனை பொதுவாகத் தன் ஆயுளில் ஒருமுறை, ஒன்றிரண்டு வாரம் மட்டுமே மலத்தோடு கிருமி முட்டைகளை வெளியேற்றும். அவை நோய் தொற்றவைக்கும் நிலைக்கு வர ஒரு நாளுக்கு மேலாகும். ஆகவே அன்றன்றே வேறு யாராவது மலத்தை அள்ளிப் போட்டாலே போதும். மடியில் படுக்கும் பூனையைவிட ஈர மண்ணும், கழுவாத கீரையும், வேகாத கறியும், காய்ச்சாத தண்ணீரும் பயப்பட வேண்டியவை. ஏனெனில் அந்த ஒன்றிரண்டு வாரத்தில் வெளியேறும் முட்டைகள் கோடிக்கணக்கில் இருக்கும். ஈர மண்ணில் ஓராண்டுக்கு மேலும் உயிரோடு கிடக்கும். மழையில் அடித்துக்கொண்டு போய் ஏரியிலும் குளத்திலும் சேரும்.

இனித் தண்ணீருக்கு வருவோம். எந்த ஊராட்சியிலும் மேல்நிலைத் தொட்டியின் தூணில் ஒரு கட்டம் போட்டிருக்கும்: சுத்தம் செய்த நாள், அடுத்துச் சுத்தம் செய்ய வேண்டிய நாள். தொட்டி இயக்குபவர் காலையில் வாளியில் பிளீச்சிங் பவுடரைக் கரைத்து மேலே ஏறி ஊற்றுகிறார். கடைசிக் குழாயில் தண்ணீர் பிடித்து, குளோரோஸ்கோப் குப்பியில் இரண்டு சொட்டு விடுகிறார். மஞ்சள் நிறம் வந்தால் தண்ணீர் நல்ல தண்ணீர் என்று பதிவேட்டில் எழுதுகிறார். அவர் சொன்னதைச் செய்கிறார், அவர்மேல் குற்றமில்லை. ஆனால் அந்த மஞ்சள் நிறம் காலராவுக்கும் டைபாய்டுக்கும்தான் காவல். இந்த ஒட்டுண்ணியின் முட்டையைக் குளோரின் கொல்லாது. முறையான வடிகட்டல் அதைக் குறைக்கும், கொதிக்கவைத்தால் சாகும். தொட்டி மூடி உடைந்திருந்தால், மேலே பூனை குட்டி போட்டிருந்தால், பதிவேட்டின் மஞ்சளுக்கு இந்தக் கிருமியிடம் மதிப்பில்லை. பிரேசிலின் சாந்தா இசபெல் தோ இவாயீ என்ற சிற்றூரில் 2001-02-இல் நடந்தது இதுவே. ஊருக்குத் தண்ணீர் தந்த தொட்டி வளாகத்தில் குட்டிகளோடு குடியிருந்த பூனையில் போய் விசாரணை நின்றது. தொற்றியவர்கள் 400-க்கு மேல்.

இதை இந்த மாநிலத்தில் எந்தத் தொட்டி இயக்குபவருக்குச் சொல்லியிருக்கிறீர்கள்? எந்தக் கிராம சுகாதாரச் செவிலியரின் பயிற்சியில் இது இருந்தது?

பிரான்ஸைப் போல, இதுவரை தொற்றாத கர்ப்பிணிகளுக்கெல்லாம் மாதாமாதம் இரத்தப் பரிசோதனை செய்யச் சொல்லி இங்கே கேட்கவில்லை. அதன் செலவு தெரியும். ஆனால் கறியை நன்றாக வேகவை, கீரையையும் கையையும் நன்றாகக் கழுவு, தண்ணீரைக் காய்ச்சிக் குடி, பூனை மலத்தை வேறொருவர் அன்றன்றே அள்ளட்டும், பூனையைத் துரத்தாதே என்று சொல்ல எந்த நிதியைத் தேடுகிறீர்கள்? இந்த ஐந்து வரிக்கு எத்தனை மனு வேண்டும்? ஒற்றைப் பரிசோதனைத் தாளைக் காட்டிக் கருவைக் கலைக்கச் சொல்லாதே என்று மருத்துவமனைகளுக்கு ஒரு சுற்றறிக்கை அனுப்ப எது தடுக்கிறது? கோவையில் நடந்தது குடிநீரால்தானா, அதன்பின் எது திருத்தப்பட்டது என்று மக்கள் முன்னால் வைக்க இருபது ஆண்டு போதாதா?

கோவையில் இத்தனை பேரின் கண்ணில் தழும்பு விழுந்திருக்கிறது. அது போகாது, மருந்து வீக்கத்தை அடக்கும், இழந்த விழித்திரையைத் திருப்பித் தராது. தழும்பின் ஓரத்திலேயே நோய் மறுபடி கிளம்பவும் செய்யும். அந்த மனிதர்கள் இன்றும் ஒரு கண்ணை மூடிப் பார்த்து, மற்றொன்றில் எவ்வளவு மிச்சமிருக்கிறது என்று சோதித்துக்கொண்டு வாழ்கிறார்கள். அவர்கள் பட்டதிலிருந்து ஒரு வரிகூட அடுத்த தாய்க்குப் போய்ச் சேரவில்லை என்றால், அவர்களுக்கு நீங்கள் என்ன பதில் சொல்வீர்கள்?

இந்த மடலுக்கு ஒப்புகைச் சீட்டு வேண்டாம். ஆரம்ப சுகாதார நிலையங்களில் செவ்வாய்க்கிழமை கர்ப்பிணிகள் பரிசோதனை நடக்கும். எடை பார்க்கும் மேசைக்கு எதிரே வரிசையாகப் பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்கள், மடியில் புத்தகத்தோடு, பக்கத்தில் தண்ணீர் பாட்டிலோடு. வருகிற செவ்வாய்க்கிழமை, அந்தப் பெஞ்சின் முதல் பெண்ணிடம் செவிலியர் அந்த ஐந்து வரியைச் சொல்லட்டும்.

இப்படிக்கு,
கோவைக் குழாய்த் தண்ணீர் குடித்து வளர்ந்த ஒருவர்